பிள்ளைக்கு சைக்கிள் கற்றுக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி பொன்மலைப் பக்கம் ஞாயிறு காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்து வருகிறேன். கூட வரும் அம்மா அப்பா, தாத்தா பாட்டி எல்லாரும் கேட்கிற சந்தேகங்கள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றுதான். நேரில் சொல்லி வந்த பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

முதலில் பேலன்ஸ், அப்புறம்தான் பெடல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பையனுக்கு நாலு வயசு முடிஞ்சிடுச்சு. இப்பவே ஆரம்பிக்கலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் போகட்டுமா?

தாராளமாக ஆரம்பிக்கலாம். நன்றாக ஓடுகிற, ஒரு காலில் சில நொடி நிற்க முடிகிற பிள்ளைக்கு பேலன்ஸ் பழகும் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டரை, மூன்று வயதிலேயே பெடல் இல்லாத குட்டி சைக்கிளைக் காலால் உந்திக்கொண்டு போகிற பிள்ளைகள் உண்டு. பெடல், பிரேக், ஹேண்டில் மூன்றையும் சேர்த்துக் கவனிக்கத்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதாகிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை சீக்கிரம் ஓட்டிவிட்டது என்று அவசரப்படுத்த வேண்டாம். எட்டு வயதில் வருகிற பிள்ளை, சின்னவர்கள் வாரக்கணக்கில் பழகுவதை ஒரே காலையில் பிடித்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

என்ன சைஸ் வாங்கணும்? கொஞ்சம் பெருசா எடுத்தா ரெண்டு மூணு வருஷம் வருமே?

பள்ளிச் சீருடையை வளர்த்திக்கு எடுப்பது சரி. சைக்கிளை அப்படி எடுக்கக்கூடாது. கால் தரையில் எட்டாத சைக்கிளில் உட்கார்ந்த பிள்ளையின் மனசு முழுக்க விழுகிற பயம்தான் இருக்கும். வேறெதுவும் ஏறாது.

கடைகளில் 12, 14, 16, 20, 24 என்று சக்கரத்தின் அங்குலத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். பொதுவாக நாலிலிருந்து ஆறு வயதுக்கு 16, ஆறிலிருந்து ஒன்பது வயதுக்கு 20 பொருந்தும். ஆனால் வயதை வைத்து முடிவெடுக்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். சீட்டைக் கீழே இறக்கி உட்கார வையுங்கள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிந்தால் அதுதான் அளவு. நுனிவிரல்தான் தொடுகிறது என்றால் ஒரு சைஸ் குறைத்து எடுங்கள். கற்றுக்கொண்ட பிறகு சீட்டை உயர்த்திக்கொள்ளலாம், அப்படியே இரண்டு வருஷம் ஓடும். கற்றுக்கொள்ளும் காலத்துக்கு மட்டும் என்றால் பழைய சைக்கிளே போதும், சொந்தக்காரர் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கும்.

சைடு வீல் போட்டு ஒரு வருஷமா ஜோரா ஓட்டுறான். கழட்டினா உடனே விழுறான். ஏன் இப்படி?

சைடு வீல் இருக்கும்வரை அது மூன்று, நாலு சக்கர வண்டி. அதில் பிள்ளை கற்றுக்கொண்டது பெடல் மிதிப்பதை மட்டும்தான். இரண்டு சக்கரத்தில் போகும்போது உடம்பு சாய்கிற பக்கமே ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அப்போது சக்கரம் உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். பேலன்ஸ் என்பது இந்தச் சின்னச் சின்னத் திருப்பல்கள்தான். சைடு வீல் சைக்கிள் சாயவே விடாது. வளைவில் பிள்ளை வெளிப்பக்கமாகச் சாய்ந்து அந்தச் சின்ன வீலின் மேல் பாரத்தைப் போட்டுப் பழகிவிடும். கழற்றினதும் அதே பழக்கத்தில் சாய்ந்து விழுகிறது.

ஒரு பக்க வீலை மட்டும் கழற்றுவது, இரண்டையும் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவது என்று சிலர் செய்கிறார்கள். நான் அதைச் சொல்வதில்லை. இரண்டையும் கழற்றிவிட்டு, கூடவே பெடலையும் கழற்றிவிடுங்கள்.

பெடலைக் கழட்டிட்டா அப்புறம் எப்படிங்க ஓட்டுறது?

காலால் தரையை உந்தி ஓட்டுவது. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தில் செய்து ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டியில் பெடலே கிடையாது. அதில் உட்கார்ந்து காலால் உந்திக்கொண்டேதான் போனார். பெடல் வைத்த வண்டி பிரபலமாக 1860-கள் வரை ஆனது. மனுஷர்களே பேலன்ஸை முதலில் கற்று, பெடலை அப்புறம்தான் கற்றிருக்கிறார்கள்.

சீட்டை இறக்குங்கள். பெடல்களைக் கழற்றுங்கள். இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் தலைகீழ் மரை. ஸ்பேனரை மேல் பக்கமாக நிறுத்திப் பின் சக்கரத்தின் பக்கம் இழுத்தால் இரண்டுமே கழன்று வரும். இறுகிப் போயிருந்தால் பஞ்சர் கடையில் கொடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

பிள்ளை முதலில் சைக்கிளில் உட்கார்ந்தபடியே நடக்கும். அப்புறம் நீளமாக அடி எடுத்து வைக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சும்மா உருளும். முதலில் ஒரு நொடி, பிறகு மூன்று, பிறகு ஐந்தாறு. கிட்டே நின்று ஹேண்டிலைப் பாருங்கள். முதல் நாள் விறைத்துக்கொண்டு நேராக நிற்கும். இரண்டு மூன்று நாள் கழித்து இடமும் வலமுமாக மெல்லிசாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பேலன்ஸ் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பத்துப் பதினைந்து அடி காலைத் தூக்கியே போய், ஒரு வளைவும் திரும்பிவிட்டால் பெடலைத் திரும்ப மாட்டிவிடலாம். பெரும்பாலான பிள்ளைகள் அன்றைக்கே மிதித்துவிடுகிறார்கள்.

பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும்ல? எங்கப்பா எனக்கு அப்படித்தான் கத்துக்கொடுத்தார்.

மேலே சொன்ன வழியில் போனால் பிடிக்கவே வேண்டியதில்லை. பெடல் மாட்டிய முதல் சில தடவை தைரியத்துக்காகப் பிள்ளையின் முதுகிலோ தோளிலோ கையை வைக்கலாம். ஹேண்டிலை மட்டும் பிடிக்காதீர்கள். ஹேண்டில் உங்கள் கையில் இருந்தால் அந்தத் திருப்பல்களைச் செய்வது நீங்கள்தான், பிள்ளைக்கு ஒன்றும் படியாது. சீட்டைக் கெட்டியாகப் பிடிப்பதிலும் இதே குறை உண்டு. உங்கள் இடுப்பு வலிப்பது தனி.

இன்னொன்று. "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை விடுவது நம் ஊரில் பரம்பரையாக நடப்பது. நான் அதற்கு எதிர்ப்பு. திரும்பிப் பார்த்த பிள்ளை அந்த இடத்திலேயே விழும். விழாத பிள்ளையும் அடுத்த முறை நீங்கள் பிடித்திருக்கிறீர்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும். "இப்ப விடப் போறேன்" என்று சொல்லிவிட்டு விடுங்கள்.

எங்க தெருவுல கார், பைக்கு, மாடு எல்லாம் நிக்குது. எங்கதான் பழக்குறது?

விடுமுறை நாளில் பள்ளி மைதானம், காலை ஆறு மணிக்கு ரயில்வே காலனிச் சாலை, அடுக்குமாடி வீடென்றால் வண்டி நிறுத்தும் இடம், ஊர்ப்பக்கம் என்றால் அறுப்பு முடிந்த பிறகு களம். கெட்டியான, சமமான தரை வேண்டும். மணலில் விழுந்தால் அடிபடாது என்று ஆற்று மணலுக்கோ கடற்கரைக்கோ கூட்டிப் போகிறார்கள். சக்கரம் புதையும், உருளாது. உருளாத சைக்கிளில் பேலன்ஸ் வராது. பெடல் இல்லாமல் பழக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத லேசான சரிவு ரொம்ப நல்லது.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். களைத்த பிள்ளைதான் அதிகம் விழுகிறது. நேற்று வராதது ராத்திரித் தூக்கத்துக்குப் பிறகு இன்று காலையில் தானாக வரும். உடம்பு கற்கும் எந்த வித்தைக்கும் தூக்கம் உதவுகிறது.

நேராத்தான் போறா. ஆனா எங்க மரம் இருக்கோ அங்கேயே போய் முட்டுறா!

மரத்தையே பார்ப்பதால்தான். கண் எங்கே போகிறதோ அங்கே தோளும் கையும் போகும். "மரம், மரம்!" என்று நாம் கத்தினால் பிள்ளை இன்னும் நன்றாக மரத்தைப் பார்க்கும். போக வேண்டிய இடத்தைக் காட்டிக் கூப்பிடுங்கள்: "அந்த கேட்டைப் பாரு, கேட்டுக்கு வா." நீங்களே அந்த இடத்தில் போய் நின்றுகொண்டால் இன்னும் சுலபம்.

முன் சக்கரத்தையோ பெடலையோ குனிந்து பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதே வைத்தியம்தான்.

பிரேக் பிடிக்கவே மாட்டேங்கிறான். செருப்பைத் தேய்ச்சுத்தான் நிறுத்துறான்.

முதலில் பிரேக்கைப் பாருங்கள், பிள்ளையை அப்புறம் திட்டலாம். பல சின்ன சைக்கிள்களில் லீவர் பிள்ளையின் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும், அல்லது பெரியவர்களே பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்த வேண்டிய அளவு கெட்டியாக இருக்கும். சைக்கிள் கடையில் சொன்னால் லீவரைக் கிட்டே கொண்டுவந்து, கேபிளைச் சரிசெய்து கொடுப்பார்கள்.

அப்புறம் பழக்குவது. சைக்கிளில் உட்காராமல் பக்கத்தில் தள்ளிக்கொண்டே நடக்கச் சொல்லி, "நிறுத்து" என்றதும் பிரேக் பிடிக்க வையுங்கள். எந்த லீவர் முன் சக்கரத்தைப் பிடிக்கிறது, எது பின் சக்கரத்தை என்று அப்போதே காட்டிவிடுங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் பின் சக்கரம் தூக்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டில் நிறுத்தும் விளையாட்டு வைத்தால் சலிக்காமல் செய்வார்கள்.

நாங்கல்லாம் குரங்கு பெடல் அடிச்சுத்தானே கத்துக்கிட்டோம்? இவ்வளவு விஷயம் யார் பார்த்தா?

இதைத் தாத்தாக்கள் கேட்பார்கள். அவர்கள் கற்ற விதத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் அதிலும் பேலன்ஸ்தான் முதலில் வந்திருக்கிறது. வீட்டிலிருந்தது அப்பாவின் பார் வைத்த பெரிய சைக்கிள், அல்லது மட்கார்டில் நம்பர் எழுதிய வாடகை சைக்கிள். முதலில் அதைத் தள்ளிக்கொண்டே திரிவார்கள். பிறகு இடது காலை இடது பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தத்தித் தத்தி உந்துவார்கள். கொஞ்ச தூரம் அந்த ஒற்றைப் பெடலில் நின்றபடியே சைக்கிள் ஓடும். இன்றைக்கு நான் பெடலைக் கழற்றச் சொல்வதும் அந்தத் தத்தலும் ஒரே பாடம்தான்.

அது வந்த பிறகே வலது காலை பாருக்குக் கீழே, முக்கோணத்துக்குள் விட்டு வலது பெடலைத் தொடுவார்கள், குரங்கு பெடல் என்பது இதுதான். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பாரிலோ சீட்டிலோ. உடம்பு ஒரு பக்கம், சைக்கிள் எதிர்ப்பக்கம் சாய்ந்தபடி முதலில் அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று. அப்புறம் பார் மேல் ஏறி, கால் நீண்ட பிறகு சீட். ஒவ்வொரு படியும் அடுத்ததற்குத் தயார் செய்தது. யாரும் திட்டம் போடாமல் பிள்ளைகளே உண்டாக்கிய இந்த வரிசை மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் இன்றைக்கு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அந்தச் சைக்கிள் 20 கிலோ பக்கம் இருக்கும், சாய்ந்தால் பிள்ளை அதன் அடியில். முக்கோணத்துக்குள் போன கால் செயினில் மாட்டும். அன்று கைக்குக் கிடைத்தது அந்தப் பெரிய சைக்கிள்தான். இன்று காலுக்கு எட்டுகிற சைக்கிள் கிடைக்கிறது.

பொண்ணுக்குப் பத்து வயசு. இப்ப சைக்கிள் பழகினா உடம்புக்கு ஏதாச்சும் ஆகுமோன்னு மாமியார் சொல்றாங்க.

ஒன்றும் ஆகாது. கன்னித்திரையை மனதில் வைத்துத்தான் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதன் நிலையைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது என்பதே மருத்துவம் சொல்வது. மாதவிலக்கு நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் ஓட்டலாம். கவனிக்க வேண்டியது துப்பட்டாவையும் பாவாடை நுனியையும்தான். செயின் கவர் இருக்கட்டும், துப்பட்டாவை இழுத்து முடிந்துகொள்ளட்டும்.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்னால் பிள்ளையை உட்கார வைக்க பார் வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்கும் ஆணுக்கும் காத்திருக்காமல் தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக அவர்களால் முடிந்தது. அவர்களில் பலர் ஏற்கெனவே குழந்தை பெற்ற பிறகு கற்றவர்கள். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

பதினொண்ணாவதுல அரசாங்கம் சைக்கிள் கொடுத்திருக்கு. அவளுக்கு ஓட்டவே தெரியாது, வெட்கப்பட்டுக்கிட்டு அப்படியே நிக்குது.

பெரிய பிள்ளைக்கும் வழி அதேதான்: சீட்டை அடிவரை இறக்கி, பெடலைக் கழற்றி, காலால் உந்துவது. வேறுபாடு வெட்கம் மட்டும். யாரும் பார்க்காத நேரமும் இடமும் தேடிக் கொடுங்கள். தம்பி தங்கைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். ஒத்த வயதுத் தோழி ஒருத்தி கூட இருந்தால் எல்லாரையும்விட நன்றாகக் கற்றுக் கொடுப்பாள்.

விழுந்துட்டா என்ன பண்றது? எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்?

சிராய்ப்பை ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண் துகள் உள்ளே இருக்கக்கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் பூச வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி வயதுப்படி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கினால், அல்லது தொட்டதும் துடித்தால், எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உருவி விடுகிறேன் என்று யாரிடமும் கொடுக்காதீர்கள். தலையில் அடிபட்டு வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு நொடி நினைவு தப்பியது என்று எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. விழும்போது ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்துவது. வெளியே சின்னச் சிவப்பு வட்டம்தான் தெரியும், அதுவும் தெரியாமல் போகலாம். உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையத்தில் காயம் இருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்தும் வரும். வயிற்றில் குத்தியது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், ஹேண்டில் குத்தியது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹேண்டில் முனையில் ரப்பர் பிடி கிழிந்து இரும்புக் குழாய் தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். தெரிந்தால் மாற்றிய பிறகு ஓட்டட்டும்.

சின்ன சைக்கிளுக்குப் போய் ஹெல்மெட்டா?

ஆமாம். உயரம் குறைவானாலும் தலை மோதுவது தார் ரோட்டில்தான். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும், நெற்றியைத் திறந்துவிட்டுப் பின்னந்தலையில் தொங்கக்கூடாது. தாடை வாருக்குள் ஒரு விரல் மட்டும் போகும் அளவுக்கு இறுக்குங்கள். பலமாக மோதிய ஹெல்மெட் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

நல்லா ஓட்டுறான். எப்ப ரோட்டுல விடலாம்?

நல்லா ஓட்டுவது வேறு, ரோட்டில் ஓட்டுவது வேறு. எதிரே வரும் வண்டி எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்கிற திறமை பத்து வயது வரைக்கும் சரியாக வருவதில்லை. சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது, அதனால் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. ஒற்றைக் கையால் சிக்னல் காட்டியபடி நேராகப் போகிறானா? தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்கும்போது சைக்கிள் விலகாமல் இருக்கிறதா? கோட்டில் நிறுத்துகிறானா? இந்த மூன்றும் வந்த பிறகு நீங்கள் பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் போய், சிறிய தெருக்களில் இடது ஓரமாகப் பழக்குங்கள். நிறுத்தியிருக்கும் காரை ஒட்டிப் போகக்கூடாது, கதவு திறக்கும்.

டபுள்ஸ் வேண்டாம். பின்னால் உட்கார்ந்த குழந்தையின் கால் சக்கரக் கம்பிக்குள் மாட்டி, குதிகால் சதை கிழிந்து வருவது ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி பார்க்கிற காயம்.

சைக்கிள் நின்னா விழுது, ஓடினா விழறதில்ல. ஏன்னு பையன் கேட்டான். சக்கரம் சுத்துறதாலயா?

பம்பரம் மாதிரி சக்கரம் சுற்றுவதால் நிற்கிறது என்று பலர் சொல்வார்கள். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் அது இல்லாமலும் முடியும். அந்தச் சுழற்சியின் விளைவை எதிர்த் திசையில் சுற்றும் சக்கரம் வைத்து ரத்து செய்த ஒரு சோதனை வண்டி, ஆள் இல்லாமலே விழாமல் ஓடியதை 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். முக்கியமானது, சைடு வீல் கேள்வியில் சொன்னதுதான்: சாய்கிற பக்கம் முன் சக்கரம் திரும்பி, பாரத்துக்கு அடியில் வந்து சேர்கிறது. நின்ற சைக்கிளில் ஹேண்டிலைத் திருப்பினாலும் சக்கரம் நகர்ந்து வர வழியில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் இதையும் செய்து காட்டுங்கள். வேகமாகப் போகும்போது வலது பக்கம் திரும்ப, ஹேண்டிலை ஒரு கணம் லேசாக இடது பக்கம் தள்ள வேண்டும். உடம்பு வலப்பக்கம் சாயும், அப்புறம்தான் ஹேண்டில் வலதுக்குத் திரும்பும். சைக்கிள் ஓட்டுகிற எல்லாரும் இதைத் தெரியாமலே செய்கிறோம்.

ஒரு தடவை விழுந்ததிலிருந்து சைக்கிள் பக்கமே வர மாட்டேங்கிறா.

சில வாரம் விட்டுவிடுங்கள். திரும்ப வரும்போது பெடலைக் கழற்றி, நடக்கிற கட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். கால் தரையில் இருக்கும்போது பயம் தானாக அடங்கும். தெரிந்தது எங்கும் போயிருக்காது. மற்ற பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், அந்தப் பேச்சு விழுந்த காயத்தைவிட நாளாகிறது ஆற.

எனக்கே சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க. நான் எப்படிப் பிள்ளைக்குக் கத்துக்கொடுக்கிறது?

பெரும்பாலும் அம்மாக்கள்தான் இதைக் கேட்கிறார்கள். மேலே சொன்னதில் நீங்கள் ஓட்டிக் காட்ட வேண்டியது ஏதாவது இருந்ததா? சீட்டை இறக்குவது, பெடலைக் கழற்றுவது, தூரத்தில் நின்று கூப்பிடுவது, கோடு போடுவது. எல்லாம் உங்களால் முடியும். ஓட்டத் தெரியாதவருக்குப் பொறுமையும் கூடுதலாக இருக்கிறது, ஏனென்றால் இது லேசான வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

உங்களுக்கும் ஆசை இருந்தால் பதினோராம் வகுப்புப் பெண்ணுக்குச் சொன்ன வழியே உங்களுக்கும். பஞ்சர் கடைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் பெரிய சைக்கிளையும் எடுத்துப் போய் அதன் பெடலையும் சேர்த்துக் கழற்றச் சொல்லுங்கள்.